வடகடல் ஓரத் தோப்புக்கு மிச்சிகன் சுவர் சரிப்படுமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ராமநாதபுரம் மாவட்டத்தில், பனைக்குளத்துக்கும் ஆற்றங்கரை ஊருக்கும் இடையே, வடகடலை (பாக் விரிகுடாவை) ஒட்டி, அத்தா விட்டுப்போன தென்னந்தோப்பு. உள்ளே ஒரு ஓட்டு வீடு. ஒவ்வொரு வாடைக்கும் (ஐப்பசி முதல் அடிக்கும் வடகிழக்குக் காற்றுக் காலம்) கரை கொஞ்சம் உள்ளே வருகிறது. முன்வரிசைத் தென்னைகளில் சில வேர் தெரிய நிற்கின்றன. கேட்டவருக்கு வேலை அமெரிக்காவின் மிச்சிகனில். அங்கே ஏரிக்கரை வீடுகளுக்கு முன்னால் நேர்க்குத்தாக நிற்கும் தடுப்புச் சுவர்களைப் பார்த்திருக்கிறார். "நம்ம வடகடலும் ஏரி மாதிரிதானே கிடக்குது, அதே மாதிரி ஒண்ணு கட்டிட்டா என்ன? கட்டினா எப்படிப் பராமரிக்கிறது?" என்று கேட்கிறார்.

அந்தச் சுவர் வேண்டாம். ஏன் வேண்டாம் என்பதையும், அதற்குப் பதில் என்ன செய்யலாம் என்பதையும் சொல்கிறேன்.

அங்கே நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் இரும்புத் தகடுகளை ஒன்றோடொன்று கோத்து மண்ணுக்குள் ஆழமாக அடித்த சுவர். மேல்பகுதியைக் கம்பி போட்டுப் பின்னால் நிலத்துக்குள் நங்கூரம் போல இழுத்துக் கட்டியிருப்பார்கள். அது நிற்பதற்குக் காரணம் உண்டு. ஏரித் தண்ணீரில் உப்பு இல்லை, தினசரி ஏற்றவற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. அங்கே தொல்லை வேறு விதம். மிச்சிகன்–ஹூரான் ஏரியின் நீர்மட்டம் பல ஆண்டுகளில் மெதுவாக ஏறி இறங்கும். 2013 ஜனவரியில் பதிவான மிகக் குறைந்த மட்டத்துக்கும் 1986 அக்டோபரின் மிக உயர்ந்த மட்டத்துக்கும் கிட்டத்தட்ட 2 மீட்டர் வித்தியாசம். மட்டம் தாழ்ந்த காலத்தில் கட்டிய சுவர், ஏரி ஏறும்போது குட்டையாகிவிடும். ஆக, அந்த ஊரிலேயே அது தீராத தலைவலிதான். அதை உப்புக்காற்றில் கொண்டுவந்து நட்டால், அலை ஏறி இறங்கும் அந்த ஒரு மீட்டர் பட்டையில் இரும்பு மற்ற எல்லா இடத்தையும்விட வேகமாகத் துருப்பிடிக்கும். மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும்போதே பின்னால் இழுத்துப் பிடித்திருக்கும் கம்பியைத் துரு தின்றிருக்கும்.

வடகடல் ஏரி மாதிரி கிடக்கிறது என்பதும் பாதி ஆண்டுக்குத்தான் சரி. கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் ஏர்வாடி, கீழக்கரை, வாலிநோக்கம் பக்கம் தென்கடல் (மன்னார் வளைகுடா) குமுறிக்கொண்டிருக்கும், உங்கள் பக்கம் முழங்கால் அலைகூட இருக்காது. விடுமுறைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் அந்த மாதங்களில் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். ஐப்பசி பிறந்து வாடை எடுத்தால் அப்படியே தலைகீழ். பாக் நீரிணையின் தெற்கே உள்ள இந்த விரிகுடாவின் பெரும்பகுதி 10 மீட்டர் ஆழம்கூட வராது. ஆழம் குறைந்த கடலில் சாதாரண நாளில் பெரிய அலை எழும்பாது, உண்மைதான். ஆனால் புயல் காற்று தண்ணீரைக் கரையை நோக்கித் தள்ளும்போது, அடியில் திரும்பிப் போக வழியில்லாமல் தண்ணீர் குவிந்து ஏறுவதும் இப்படிப்பட்ட கடலில்தான். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடிக்கு என்ன ஆனது என்று நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இதில் ஒரு கணக்கு உண்டு. கரையில் வந்து உடையும் அலையின் உயரம், அந்த இடத்துத் தண்ணீரின் ஆழத்தில் முக்கால் பங்குக்குச் சற்று மேல், அவ்வளவுதான் இருக்க முடியும். சுவரின் காலடியில் அரை மீட்டர் தண்ணீர் நின்றால் அலை 40 சென்டிமீட்டர். அதே இடத்தில் கடல் ஒரு மீட்டர் ஏறினால் அலை 1.2 மீட்டருக்கு வந்துவிடும். இப்போது நேர்க்குத்தான சுவரை நினைத்துப் பாருங்கள். மணல் கரையில் அலை ஏறி, உடைந்து, மணலுக்குள் உறிஞ்சப்பட்டுச் செத்துப்போகும். நேர்ச்சுவரில் அதற்கு வழியில்லை. மோதி, திரும்பி, கீழே இறங்கி, காலடி மணலைத் தோண்டுகிறது. தோண்டத் தோண்ட ஆழம் கூடுகிறது, ஆழம் கூடக்கூட அடுத்த அலை பெரிதாக வருகிறது. கடற்கரையைக் காப்பாற்றக் கட்டின சுவருக்கு முன்னால் நாலைந்து வாடைக்குள் கடற்கரையே இல்லாமல் போவது இப்படித்தான். சுவர் நிற்கும், மணல் இருக்காது. பிறகு சுவரும் நிற்காது.

இந்தக் கரையில் சுவர்கள் அலை அடித்து முகம் உடைந்து விழுவது அபூர்வம். காலில் விழும், முதுகில் விழும், ஓரங்களில் விழும்.

காலைச் சொல்லிவிட்டேன். முதுகு என்பது நிலப்பக்கம். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது ஞாபகம் இருக்கும். அப்படி ஒரு மழையில் சுவருக்குப் பின்னால் மணல் முழுக்க நனைந்து, தண்ணீர் வெளியே போக வழி இல்லாமல் நின்றால், சுவரைக் கடல் பக்கமாகத் தள்ளுவது உங்கள் தோப்புத் தண்ணீர்தான். கடல் வற்றி முன்னால் தாங்கல் இல்லாத நேரமாகப் பார்த்து அது சாயும். சரி, வழி விடலாம் என்று சுவரில் ஓட்டை மட்டும் போட்டுவிட்டால் அது வேறு வினை. ஒவ்வொரு அலைக்கும் ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே போய்த் திரும்பும்போது ஒரு கைப்பிடி மணலைக் கூட்டிக்கொண்டு போகும். மேலே நின்று பார்த்தால் சுவரை ஒட்டிய மண்ணில் குழியானைப் பூச்சி பறித்த மாதிரிச் சின்னச் சின்னக் கூம்புக் குழிகள் வரிசையாகத் தெரியும். காலால் மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போவார்கள். அடுத்த பௌர்ணமி ஓதத்துக்கு அதே இடத்தில் அதே குழி, கொஞ்சம் பெரிதாக. ஒரு நாள் ஆள் இறங்குகிற பள்ளம். அந்தக் குழிதான் சுவர் போகப்போகிறது என்பதற்கு முதல் அறிகுறி. விரிசல் எல்லாம் அதற்கு அப்புறம் வருவது.

ஓரங்கள் என்றால் உங்கள் சுவர் முடிந்து பக்கத்துத் தோப்பு தொடங்கும் இடம். சுவர் திருப்பிவிடும் அலையின் வேகம் அங்கே போய் வெறும் மணலை அரிக்கும். முதலில் பக்கத்துக்காரர் நிலம் போகும், பிறகு பக்கவாட்டில் சுற்றிக்கொண்டு உங்கள் சுவரின் பின்னாலேயே கடல் வரும். உறவு கெடுவதற்கு இதைவிடச் சுலபமான வழி கிடையாது. அதனால் செய்வதானால் இரண்டு பக்கத்துத் தோப்புக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு ஒரே நீளமாகச் செய்யுங்கள். அவர்கள் வராவிட்டால், இரண்டு முனைகளையும் நிலத்துக்குள் நன்றாக வளைத்துத் திருப்பிப் புதைக்க வேண்டும்.

அனுமதி விஷயம். உயர் ஓதக் கோட்டிலிருந்து (கடல் ஏறி நிற்கும் எல்லை) நிலப்பக்கம் 500 மீட்டர் வரை கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைக்குள் வரும். 2011-இல் ஒன்று, 2019-இல் ஒன்று என அறிவிக்கைகள் உள்ளன. உயர் ஓதக் கோட்டுக்கும் தாழ் ஓதக் கோட்டுக்கும் இடைப்பட்ட பட்டையில் தனியார் தன் விருப்பத்துக்கு எதுவும் கட்ட முடியாது. பட்டாவில் உள்ள எல்லைக்கல் இன்றைக்குத் தண்ணீருக்குள் இருக்கிறது என்பதற்காக அதுவரை போய்ச் சுவர் எழுப்பவும் முடியாது. அரிப்புத் தடுப்பு வேலைக்கு வழி இருக்கிறது, ஆனால் ஆய்வோடு, அனுமதியோடு. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் கடற்கரை மண்டல மேலாண்மைக் குழுவில்தான் விண்ணப்பம் தொடங்கும். உயர் ஓதக் கோட்டைக் குறித்துத் தர அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனம் அதில் ஒன்று. தென்கடல் பக்கம் நிலம் உள்ளவர்கள் கூடுதலாக வனத்துறையையும் பார்க்க வேண்டியிருக்கும், 1986-இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா அந்தப் பக்கம். "நம்ம நிலம், நம்ம காசு, யார் கேட்பா" என்று சொல்லி வேலையை எடுக்கிற மேஸ்திரிகள் இருக்கிறார்கள். நோட்டீஸ் வரும்போது அவர் பெயருக்கு வராது.

அனுமதி கிடைத்து, கட்டியே தீர வேண்டும் என்றால் எதைக் கட்டலாம்? சரிவாகக் கல் அடுக்குங்கள். ஒரு அடி உயரத்துக்கு இரண்டு அடி நீளம், அதாவது 1-க்கு 2, அல்லது அதைவிடப் படுத்த சரிவு. அலை ஏறி, கற்களின் இடுக்கில் புகுந்து வேகம் இழக்கும். ஒரு கல் நகர்ந்தால் தூக்கி வைத்துக்கொள்ளலாம், சுவர் முழுக்கப் போகாது. கல்லின் எடைதான் முக்கியம். கரடுமுரடான கருங்கல், 1-க்கு 2 சரிவு, உடைந்து வரும் அலை என்று வைத்துக்கொண்டால் 1 மீட்டர் அலைக்கு ஒரு கல் சுமார் 165 கிலோ வேண்டும். 1.5 மீட்டருக்கு 550 கிலோ. 2 மீட்டருக்கு 1.3 டன். அலை இரட்டித்தால் கல் எட்டு மடங்கு கனக்க வேண்டும் என்பது கணக்கு. ஆள் ஒருவர் தூக்கி வைக்க முடிகிற கல்லை வைத்துக் கட்டிய எதுவும் புயலுக்கு நிற்காது என்று இதையே சுருக்கமாக வைத்துக்கொள்ளலாம். ஒப்பந்தக்காரர் ‘லோடு’ கணக்கில் விலை சொல்வார். நீங்கள் கல்லின் எடை கணக்கில் கேளுங்கள். நம் கரையோரம் முழுக்க மணலும் வண்டலும்தான், கருங்கல் வெளி மாவட்டத்திலிருந்து லாரியில் வர வேண்டும். செலவில் பெரும்பங்கு அந்த லாரிதான் என்பதால் சின்னக் கல்லைக் கலந்து அடிக்கிற ஆசை அங்கேதான் வரும்.

பெரிய கல்லை நேராக மணல் மேல் கொட்டினால் அது வாடைக்கு வாடை உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். முதலில் தண்ணீரை விட்டு மணலைப் பிடிக்கும் ஜியோ துணி. இழுத்துக் கட்டாமல் தளர்வாக விரிக்க வேண்டும். அதன் மேல் பெரிய கல்லின் எடையில் பத்தில் ஒரு பங்கு எடையுள்ள கற்கள் ஒரு அடுக்கு, அதற்கும் மேல்தான் பெரிய கல் இரண்டு அடுக்கு. ஜியோ துணிக்குப் பதில் தார்ப்பாய் போட்டு மிச்சம் பிடித்தால், தண்ணீர் அடியிலிருந்து தூக்கிக் கற்களையே நகர்த்திவிடும்.

அடுத்து, காலுக்கு எவ்வளவு ஆழம் வேண்டும் என்ற கேள்வி. அரிப்புப் பள்ளம் ஏறக்குறைய அலை உயர அளவுக்கு இறங்கும் என்று எடுத்துக்கொண்டு அதற்கும் கீழே போக வேண்டும். எந்த மட்டத்திலிருந்து என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஜூன் மாதம் கரை மணல் நிறைந்து மேடாக இருக்கும்போது அளந்து ஒரு மீட்டர் தோண்டினால், ஜனவரியில் மணல் இறங்கிய பிறகு அந்த ஒரு மீட்டர் ஏற்கெனவே காற்றில் நிற்கும். வாடை முடிகிற சமயம் கரை எவ்வளவு தாழ்ந்திருக்கிறதோ அதுதான் உங்கள் தொடக்க மட்டம். தோண்டத் தண்ணீர் விடவில்லை என்றால், காலடியில் கடலை நோக்கிக் கற்களை ஒரு பாய் போலப் பரப்பிவிடுங்கள். அடியில் மணல் போகும்போது அந்தக் கற்கள் சரிந்து பள்ளத்தைத் தானே மூடிக்கொள்ளும்.

கான்கிரீட் எங்கேயாவது தேவைப்பட்டால், படிக்கட்டுக்கோ மேல்விளிம்புக்கோ, இந்திய நெறிமுறை ஐஎஸ் 456 ஓதம் ஏறி இறங்கும் இடத்துக்கு எம்40 என்ற வலிமைத் தரமும் கம்பியை மூடும் கான்கிரீட் கவசம் 75 மில்லிமீட்டரும் கேட்கிறது. வீட்டு வேலைக்குப் போடும் 25 மில்லிமீட்டர் கவர் பிளாக்கோடு வருகிற ஆளைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். ஸ்லாக் (இரும்பு உலைக் கசடு) கலந்த சிமென்ட் நல்லது. தோப்புக் கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்காமல் கலக்க வேண்டாம். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடுதான் உச்சம், நம் கரையோரக் கிணறுகள் பல உவர் என்பது நாக்குக்கே தெரியும்.

செய்யக் கூடாதவை சில. கிணற்று உறைகளை வரிசையாக இறக்கி உள்ளே மணல் நிரப்புவது, உரச் சாக்கில் மண் கட்டி அடுக்குவது, இடித்த வீட்டுக் கழிவைக் கொண்டுவந்து கொட்டுவது. உறை ஒன்றுக்கொன்று பிடிப்பில்லாமல் தனித்தனியாகச் சாயும், சாக்கு வெயிலில் மாதங்களில் பொடிந்துவிடும், கழிவு கொட்டுவது சட்டப்படியே தடை. பவளப்பாறைக் கல் என்று யாராவது கொண்டுவந்தால் தொடவே தொடாதீர்கள். கீழக்கரையின் பழைய வீடுகளிலும் தனுஷ்கோடி தேவாலயத்திலும் அந்தக் கல்லைப் பார்க்கலாம், அது வேறு காலம். 2001 முதல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. தவிர, தென்கரைக்கு முன்னால் அலையை உடைத்துக் கொடுப்பதே அந்தப் பாறைகளும் தீவுகளும்தான். தூத்துக்குடிப் பக்கம் வான்தீவு கரைந்துகொண்டே போய், கடைசியில் கடலுக்கடியில் செயற்கைப் பாறைகளை இறக்கித்தான் காப்பாற்ற வேண்டியிருந்தது.

கல் அடுக்கும் முன்னால் ஒன்று யோசியுங்கள்: உங்கள் மணல் எங்கே போகிறது? வைகை உங்கள் பக்கம்தான் கடலில் சேர வேண்டும். ஆனால் ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு அது பெரும்பாலும் நின்றுவிடுகிறது. 1959-இல் வந்த வைகை அணை, வழியெங்கும் உள்ள கண்மாய்கள், ஆற்றில் மணல் அள்ளியது எல்லாம் சேர்ந்து கரைக்கு வர வேண்டிய மணல் வருவதில்லை. இன்னொன்று, பக்கத்தில் எங்காவது புதிதாகத் தூண்டில் வளைவோ படகுத்துறையோ வந்திருக்கிறதா? கரைக்குக் குறுக்கே கடலுக்குள் நீளும் எதுவும் ஒரு பக்கம் மணலைச் சேர்க்கும், மறுபக்கம் பட்டினி போடும். எங்கள் ஊருக்கும் தூண்டில் வளைவு வேண்டும் என்று ஒவ்வொரு மீனவக் கிராமமும் கேட்பது நியாயம்தான், ஆனால் அடுத்த ஊரின் கணக்கை யாரும் பார்ப்பதில்லை. உங்கள் அரிப்பு அப்படி வந்தது என்றால் தனிச் சுவரால் ஆகாது. பக்கத்துத் தோப்புக்காரர்களும் ஊர் மீனவர்களும் சேர்ந்து திங்கள்கிழமைக் குறைதீர் நாளில் மனுக் கொடுப்பதே வழி.

செடிகளை லேசாக நினைக்காதீர்கள். அடம்புக் கொடியும் ராவணன் மீசைப் புல்லும் பறக்கிற மணலைப் பிடித்து மேடாக்கும். புயலன்று கடல் அந்த மேட்டைத் தின்றுவிட்டுப் போகும், வீட்டைத் தொடாது, அடுத்த கோடையில் மேடு மறுபடி வளரும். தோப்பைச் சுத்தமாக வைக்கிறேன் என்று ஆள் விட்டு அடம்பைப் பிடுங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். கரையில் ஒதுங்கும் கடற்புல் குவியலையும் விட்டுவிடுங்கள், நாறினாலும் அது மணலைப் பிடிக்கிறது. தென்னையை நம்ப வேண்டாம், அதன் வேர் மண்ணைப் பிடிக்காது, மண்தான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. காரங்காட்டில் அலையாத்தி அடர்ந்து நிற்கிறதே, இங்கேயும் நடலாமே என்று சிலர் சொல்வார்கள். அது கோட்டக்கரை ஆறு சேரும் சேற்று முகத்துவாரம். உங்கள் அலையடிக்கும் மணலில் கன்று ஒரு வாடையைத் தாண்டாது.

பராமரிப்பு என்றால் ஆண்டுக்கு இரண்டு முறை. வாடைக்கு முன் செப்டம்பரில் ஒருமுறை, முடிந்து பிப்ரவரியில் ஒருமுறை. ஒரே இடத்தில் நின்று ஒரே கோணத்தில் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், மிச்சிகனில் இருந்தபடியே ஒப்பிட்டுக்கொள்ளலாம். பார்க்க வேண்டியவை: காலடிக் கல் புதைந்ததா, நகர்ந்ததா, பின்னால் குழி விழுந்ததா, இரண்டு முனைகளிலும் மண் போயிருக்கிறதா. குழி விழுந்தால் மேலே மண் போட்டு மூடுவது வீண். அந்த இடத்தைத் தோண்டி, கிழிந்த துணிக்கு மேல் அகலமாகப் புதுத் துணி வைத்து, ஜல்லி போட்டு, அப்புறம் மண். வீட்டுக் கூரைத் தண்ணீரைக் கரைப்பக்கம் விடாமல் தோப்புக்குள் திருப்புங்கள். வள்ளம் ஏற்ற ஊர்க்காரர்கள் வழக்கமாக வரும் வழி இருந்தால் அதற்கு இடைவெளியோ படியோ விட்டே தீர வேண்டும். கரை நெடுக கல்லைப் போட்டு வழியை அடைத்தவருக்கு ஆபத்துக்கு உதவ ஆள் வராது.

இவ்வளவும் சொன்ன பிறகு என் யோசனை: இந்த வாடைக்குக் கல் இறக்காதீர்கள். வீட்டுச் சுவரிலிருந்து கரை விளிம்பு வரை நாலு இடத்தில் டேப் பிடித்து அளந்து, விளிம்புக்கு உள்ளே பனங்கட்டையோ கல்தூணோ நட்டுக் குறித்து வையுங்கள். பிப்ரவரியில் மறுபடி அளக்கச் சொல்லுங்கள். பழைய செயற்கைக்கோள் படங்களிலும் கரைக்கோட்டை ஆண்டு ஆண்டாகப் பார்க்கலாம். சில இடங்களில் வாடையில் போகிற மணல் கோடையில் திரும்பி வந்துவிடும், அதற்குச் சுவர் கட்டினால் வருகிற மணலையும் தடுத்ததாகிவிடும். உண்மையிலேயே ஆண்டுக்கு அரை மீட்டர் போகிறது, வீடு 40 மீட்டர் தள்ளி இருக்கிறது என்றால் உங்களுக்கு எண்பது ஆண்டு இருக்கிறது. கல்லுக்குப் போடும் பணத்தில் ஓட்டைப் பிரித்து வீட்டையே நாளைக்கு உள்ளே தள்ளிக் கட்டிக்கொள்ளலாம், அதற்கும் அனுமதி பார்க்க வேண்டும் என்றாலும். வீடு எட்டு மீட்டரில் நிற்கிறது என்றால் கதை வேறு. அந்த அளவுகளையும், பிப்ரவரியில் காலடி மணல் மட்டத்தையும், இரண்டு பக்கத்துக்காரர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதையும் எழுதுங்கள், எத்தனை கிலோ கல், எவ்வளவு நீளம் என்று அப்போது கணக்குப் போடலாம்.